காதுப் பொட்டு

சின்னராசு செத்துப்போனான்.

அவன் ரப்பர் பொம்மைதான். ஆனாலும் மூச்சு விடுவான், இருமுவான், வலித்தால் முனகுவான், மருந்து மாறினால் உதடு நீலம் பாரிக்கும். பயிற்சிக் கூடத்தின் நடுக் கட்டிலில் படுத்துக் கிடக்கும் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது எந்த வருடத்து மாணவிகள் என்று யாருக்கும் நினைவில்லை. அன்று காலை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த சுகந்தி, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அவனுக்குத் தவறான ஊசியைப் போடுவதைப் பார்த்தாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த அவனுடைய இதயக் கோடு நாலைந்து முறை துள்ளிவிட்டு நேராகப் படுத்துக்கொண்டது.

மாணவி திரையை நிமிர்ந்து பார்த்தாள். ஊசியைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள்.

"சின்னராசு இறந்துட்டானுங்க மேடம்," என்றாள், குழம்பு ஆறிப்போய்விட்டது என்று சொல்லும் குரலில். "மறுபடியும் முதல்ல இருந்து பண்ணட்டுங்களா?"

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கூடத்தில், இதே பொம்மை செத்ததற்காக மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் அழுத மாணவிகளைச் சுகந்தி பார்த்திருக்கிறாள். அப்போது அந்த அழுகையைத்தான் அவள் நோய் என்று நினைத்தாள்.

அவள் செவிலியோ மருத்துவரோ அல்ல, கல்வியில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சிக்காரி. கல்லூரிக்கு வந்த பிள்ளை ஏன் பாதியிலேயே வீடு திரும்புகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையின் நல்ல பாகத்தைக் கழித்தவள். காவிரிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த அன்னக்கொடி செவிலியர் கல்லூரி அந்தக் கேள்விக்குத் தோதான இடம். விசைத்தறி ஓட்டுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள். அந்தந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள். ஆடி கழிந்து வகுப்பு தொடங்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

பணம் காரணம் என்றார்கள், ஆங்கிலம் காரணம் என்றார்கள், வீட்டு வற்புறுத்தல் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அத்தனைக்கும் அடியில் சுகந்தி வேறொன்றைக் கண்டுபிடித்தாள். போன ஒவ்வொருத்திக்கும் ஒரு நொடி இருந்தது. வகுப்பில் எழுந்து தப்பாகச் சொன்ன ஒரு விடை, முதல் தேர்வில் வாங்கிய ஒரு மதிப்பெண், யாரோ சிரித்த ஒரு சிரிப்பு. நெஞ்சு 'திக்'கென்று, "இது நமக்கு ஆகாது" என்று உள்ளே ஒரு குரல் சொன்ன நொடி. அதற்குப் பிறகு அவர்கள் உடம்பு மட்டும்தான் விடுதியில் இருந்தது.

அந்தத் 'திக்'கை எடுத்துவிட்டால்?

பெங்களூரிலிருந்து பிரணவ் என்ற இளம் பொறியாளன் அதற்கு ஒரு கருவியோடு வந்தான். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் தோல் நிறப் பட்டை. சாந்துப் பொட்டு அளவுதான். பெரிய பெயர் ஒன்று வைத்திருந்தான். மாணவிகள் அதைக் காதுப் பொட்டு ஆக்கிவிட்டார்கள். தோல்வியைக் கண்டு மூளை பதறுகிற கணத்தில் அது மெல்லிய மின்னோட்டம் ஒன்றை அனுப்பி அந்தப் பதற்றத்தைத் தணித்துவிடும். பாடம் சொல்லித்தராது, விடை எழுதித்தராது. தப்பு செய்தால் நோகாது, அவ்வளவுதான்.

முதலில் ஒட்டிக்கொண்டவள் மௌனிகா. பள்ளிபாளையத்துத் தறிக்காரர் வெள்ளியங்கிரியின் மகள். உடற்கூறு தேர்வில் வகுப்பிலேயே கடைசி மதிப்பெண் வாங்கி, விடுதியில் யாரிடமும் சொல்லாமல் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டவளை, சுகந்திதான் பக்கத்தில் உட்கார்ந்து பேசித் திருப்பி அழைத்துவந்தாள். திரும்பிப் போயிருந்தால் தை மாதமே கல்யாணம். மாப்பிள்ளைக்கு அவளைவிடப் பதினைந்து வயது அதிகம். இப்போது அவள் இரண்டாம் ஆண்டில் வகுப்புக்கே முதலாவது.

அவள் மட்டுமல்ல. அந்த ஆண்டு பொட்டோடு தீபாவளிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மதிப்பெண்கள் ஏறின. அன்று மத்தியானம் சென்னையிலிருந்து ஓர் அரசுக் குழு வருவதாக இருந்தது. அவர்கள் தலையசைத்தால், வரும் ஆண்டு மாநிலம் முழுக்க எல்லாக் கல்லூரியிலும் காதுப் பொட்டு.

குழுவிடம் காட்டப் புதிதாக ஏதாவது வேண்டும் என்றுதான் சுகந்தி பயிற்சிக் கூடத்துப் பதிவுகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள், சரி. கற்றது கையில் எப்படி வருகிறது என்று காட்டலாமே என்ற ஆசை. பார்க்கப் பார்க்க ஆசை கரைந்தது.

"பிரணவ், இங்க வாங்க," என்றாள் இப்போது. "இந்தப் பொண்ணுக்கு மருந்து தெரியாதா?"

"தெரியும் மேடம். போன தேர்வுல இதே மருந்தைப் பத்தின கேள்விக்கு முழு மார்க்."

"அப்புறம் ஏன் மாத்திப் போட்டா?"

பிரணவ் பழைய பதிவு ஒன்றைத் திரையில் ஓடவிட்டான். பொட்டு வருவதற்கு முந்தைய ஆண்டு மாணவி ஒருத்தி. மருந்துக் குப்பியைப் பார்த்தாள், ஊசியில் ஏற்றினாள், பொம்மையின் கையைப் பிடித்தாள், நின்றாள். கண் மறுபடி குப்பிக்குப் போனது. அதன் பிறகுதான் ஊசி இறங்கியது. அடுத்து இந்த ஆண்டுப் பதிவு. பார்த்தாள், ஏற்றினாள், குத்தினாள்.

"கண்ணு திரும்பிப் போகலை," என்றாள் சுகந்தி.

"ஆமா மேடம். யாருக்குமே போகலை."

"நாம அமுக்கினது தோத்ததுக்கு அப்புறம் வர்ற பயத்தைத்தானே?"

"அப்படித்தான் நினைச்சோம்." அவன் குரல் தாழ்ந்தது. "வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டு, கேஸை மூடினோமான்னு திரும்பி ஓடறோமே, அந்த 'திக்'கும் இதே அலைதான் மேடம். தப்பு பண்ணின பிறகு வர்றதும், பண்ணப்போறோமோன்னு முன்னாடி வர்றதும் மூளைக்கு ஒண்ணுதான். பொட்டுக்கு ரெண்டையும் பிரிக்கத் தெரியலை."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சந்தேகம் கொஞ்ச நாளா இருந்துச்சு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மார்க் ஏறிட்டிருந்துச்சே மேடம்," என்றான் அவன். "யார் கேட்டிருப்பாங்க?"

சுகந்தி அவனைத் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் வேறொன்று மண்டையில் அடித்தது. கூடத்தில் இருந்தது பாதி வகுப்புதான்.

"மீதிப் பேர் எங்க?"

"வார்டுல. இன்னைக்கு அவங்களுக்கு ஆஸ்பத்திரி முறை."

அவள் ஓடினாள். கல்லூரிக்கும் அதைச் சேர்ந்த மருத்துவமனைக்கும் நடுவில் ஒரு வேப்பமரத் தோப்பும் ஆம்புலன்ஸ் நிற்கும் முற்றமும் இருந்தன. ஓட்டுநர் இல்லாத நோயாளி வண்டி ஒன்று அவளைக் கண்டு தானாக நின்று வழிவிட்டது. புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

வார்டு அமைதியாக இருந்தது. பொறுப்புச் செவிலி எஸ்தர் வார்டின் மறுகோடியில், அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு நோயாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாணவிகள் கட்டிலுக்குக் கட்டில் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே தெளிவு. முதல் வருடம் இதைப் பார்த்துத்தான் சுகந்தி பூரித்துப்போனாள்.

சன்னல் ஓரக் கட்டிலில் மௌனிகா. கையில் ஊசி.

கட்டிலில் இருந்தவள் சரசு என்ற தறிப்பட்டறைக்காரி. வாந்தியும் பேதியுமாக முந்தின நாள் சேர்ந்தவள், இன்று பேச்சு வந்துவிட்டது.

"ஏனம்மிணி, இந்தப் பாட்டில் எப்பத்தான் தீரும்? ஒரு வாய் டீத்தண்ணி குடிக்க உடமாட்டேங்கறீங்க."

"தீந்துருமுங்க அக்கா. ட்யூப் அடைச்சிருக்குது. கொஞ்சம் உப்புத்தண்ணி தள்ளிவுட்டா ஓடீரும்," என்றாள் மௌனிகா. சுகந்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம்."

ஊசி முனை குழாய்க்குள் நுழைந்துவிட்டது. கட்டை விரல் மேலே ஏறி உட்கார்ந்தது.

"மௌனிகா. மருந்தோட பேரைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டனுங்க மேடம்."

சுகந்திக்கு மருந்து தெரியாது. தட்டில் கிடந்த குப்பிகளில் எது எதற்கு என்று சொல்லச் சொன்னால் முழிப்பாள். ஆனால் இத்தனை நாள் பதிவுகளைப் பார்த்ததில் அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. யாராவது அப்படிக் கேட்டால், கேட்கப்பட்டவளின் கண் தன்னையறியாமல் குப்பியின் பக்கம் போகவேண்டும். மௌனிகாவின் கண் சுகந்தியின் முகத்தைவிட்டு நகரவேயில்லை.

சுகந்தி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னாச்சுங்க மேடம்?"

"எனக்காக ஒரே ஒரு தடவை படிச்சுக் காட்டு."

மௌனிகா சிரித்தாள். பெரியவர்கள் ஏதோ ஆசைப்படுகிறார்கள் என்று விட்டுக்கொடுக்கிற சிரிப்பு. ஊசியை உருவி எடுத்துக்கொண்டு குனிந்து, தட்டில் கிடந்த காலிக் குப்பியைப் புரட்டினாள்.

"பொட்டாசியம் குளோரைடு," என்று படித்தாள். "அட, மாறிப்போச்சுங்க மேடம். இது பாட்டில்ல கலந்து மெதுவா ஏத்தறது. நேராத் தள்ளக் கூடாது."

"தள்ளினா?"

"இதயம் நின்னுருமுங்க." தேர்வில் விடை எழுதுவதுபோல் பிசிறில்லாமல் சொன்னாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்துக் குப்பியை எடுத்தாள். "பரவால்லீங்க, வேற எடுத்துக்கறேன்."

"யாருக்கு நின்னுரும்?" என்று கேட்டாள் சரசு, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி.

"உங்களுக்குத்தானுங்க அக்கா. ஆனாத் தள்ளலீங்களே," என்றாள் மௌனிகா அன்பாக.

சரசுவின் முகத்தில் ரத்தம் வற்றியது. சுகந்தி உரக்க எஸ்தரைக் கூப்பிட்டாள். அவர் ஓடிவந்து தட்டைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், சரசுவின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அப்புறம் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எல்லாரும் கையில இருக்கறதை அப்படியே கீழ வைங்க. ஒருத்தரும் எதையும் தொடக்கூடாது," என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கோணாத முகத்தோடு கீழே வைத்தார்கள்.

நடைவழியில் இருந்த பெஞ்சில் மௌனிகாவை உட்காரவைத்து, சுகந்தி அவள் காதுக்குப் பின்னால் விரலை விட்டாள். பட்டை வியர்வையில் ஊறி லேசாகத்தான் ஒட்டியிருந்தது. உரித்ததும் வந்துவிட்டது.

"எதுக்குங்க மேடம்? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"இரு. கொஞ்ச நேரம் என்கூட உக்காரு."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மௌனிகா நாளைய வகுப்பைப் பற்றி ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. தன் கட்டை விரலைப் பார்த்தாள். அந்த விரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டாள். பல் கிட்டித்தது. பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம். அந்தக்கா... அந்தக்கா செத்துருக்குமுங்க."

"சாகலை. ஒண்ணும் ஆகலை."

"ரெண்டு கொழந்தைங்கன்னு சொல்லுச்சுங்க. இப்பத்தான் பேசிட்டிருந்தேன். பேசிக்கிட்டே..." அவளுக்கு மூச்சு முட்டியது. சுகந்தி தரையில் அமர்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த உடம்பு ஜுரக்காரி உடம்புபோல உதறியது. வெகுநேரம் கழித்து அந்த உதறலுக்கு நடுவில் மௌனிகா சொன்னாள்:

"முன்னாடியும் ஒருக்கா ஆச்சுங்க மேடம். ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். அவருக்கு ஒண்ணும் ஆகலீங்க. யார்கிட்டயும் சொல்லலை. மறைக்கோணும்னு இல்லீங்க. சொல்லோணும்னே தோணலை."

தாளாளர் மோகனசுந்தரத்துக்கு அதற்குள் சேதி போய்விட்டது. குழுவின் கார்கள் வாசலில் நிற்கும்போதே சுகந்தியைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டாக்டர், நீங்க பண்ணினது நல்ல காரியம். ஒரு உசுரு தப்புச்சு. கண்காணிப்பை ரெண்டு மடங்கு பண்ணீரலாம், கூட நாலு சிஸ்டரைப் போட்டுரலாம். ஆனா இதை இன்னைக்கு அவங்க முன்னாடி சொல்லாதீங்க."

"சொல்லாம எப்படி சார்?"

"என்ர அக்கா ஒண்ணு இருந்துச்சு. காலேஜுல சேந்து நாலே மாசம். இங்கிலீஷ்ல பேசச் சொன்னாங்களாம், வரலியாம். படிப்பை உட்டுட்டு ஊட்டுக்கே வந்துருச்சு. ஒடனே கட்டிக்குடுத்தாங்க. அது எப்படிப் போய்ச் சேந்துச்சுன்னு இந்த ஊருக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை." அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க பொட்டை எடுத்தீங்கன்னா எத்தனை புள்ளைங்க திரும்பிப் போகும்னு உங்களுக்கே நல்லாத் தெரியும். போறதுக எல்லாம் உசுரு இல்லீங்களா?"

அவர் கேட்டது சுகந்தியே தன்னிடம் கேட்டுக்கொண்டதுதான்.

கூட்ட அறையில் குழுத்தலைவி வசுமதி, கூர்மையான கண்ணும் குறைவான பேச்சும் உள்ள அதிகாரி. சுகந்தி படங்களையோ கோடுகளையோ காட்டவில்லை. காலையில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தாளாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன்," என்றார் வசுமதி. "பொட்டு இல்லாத நர்ஸுங்க தப்பு பண்றதில்லையா?"

"பண்றாங்க. பண்ணினது தெரிஞ்ச உடனே பதறிப்போய் ஓடிவந்து சொல்றாங்க. டாக்டர் ஓடிவர்றார், மாத்து மருந்து போடறாங்க, ஆள் பிழைச்சுக்கறாங்க. இவங்க ஓடிவர மாட்டாங்க."

"இதுவரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில இந்த மாதிரி எத்தனை நடந்திருக்கும்?"

"தெரியாது."

"தோராயமா?"

"தெரியாதுங்க மேடம். தெரிஞ்சிருக்க வேண்டியவங்களுக்கு அதைச் சொல்லணும்னே தோணலை. அந்தத் தோணலைத்தான் நான் எடுத்துட்டேன்."

வசுமதி பேனாவை மூடினார். பிரணவ் பக்கம் திரும்பி, "இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்தினா அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாது மேடம்," என்றான் அவன். "ஆனா ரொம்ப நாளா அவங்க தோல்வியைத் தாங்கிப் பழகலை. கட்டுப் போட்டு வெச்சிருந்த காலு மாதிரி. முதல் அடி வைக்கறப்பவே சிலர் விழுந்துருவாங்க."

நிறுத்தினார்கள்.

மறுநாள் பெரிய கூடத்தில் எல்லா மாணவிகளையும் உட்காரவைத்து, மனநல ஆலோசகர்கள் வரிசைக்கு ஒருவராக நிற்க, பட்டைகளை எடுத்தார்கள். சுகந்தி எதிர்பார்த்தது அழுகையை. அவள் எதிர்பாராதது கோபம்.

"ஒட்டறப்பவும் உங்க இஷ்டம், எடுக்கறப்பவும் உங்க இஷ்டமுங்களா?" என்று எழுந்து கேட்டாள் அபிராமவல்லி என்ற முதலாண்டு மாணவி. "இது இல்லாம நான் இங்க இருக்க மாட்டேனுங்க மேடம். எனக்கே தெரியும். என்னைய விட்டுருங்க, நான் வார்டுக்கே போகலை, எழுத்து வேலை பாத்துக்கறேன். இதை மட்டும் எடுக்காதீங்க."

எடுத்தார்கள். அபிராமவல்லி சொன்னபடியே தீபாவளிக்குப் போனவள் வரவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் தாளாளர் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து சுகந்தியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மணமகள் பெயருக்குப் பின்னால் படிப்பு ஏதும் போட்டிருக்கவில்லை.

மருத்துவமனை பழைய நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தது. சிலருக்கு மருந்து மாறியிருந்தது தெரியவந்தது. அதில் ஒருவருக்கு இனிமேல் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யாது. சுகந்தி அவர் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் மனைவி, "எந்தப் புள்ளைன்னு சொல்ல வேண்டாமுங்க. தெரிஞ்சா வையத் தோணும்," என்று மட்டும் சொன்னாள்.

மௌனிகா சில வாரம் வகுப்புக்கு வந்தாள். எல்லாவற்றையும் எழுதினாள், எதற்கும் பதில் சொன்னாள். ஆனால் ஊசியைக் கையில் கொடுத்தால் விரல்கள் விரிந்துகொள்ளும், பிடிக்காது. ஒரு நாள் எஸ்தரிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சுகந்தி தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் அவள் தம்பிதான் எடுத்தான். அக்கா தூங்குகிறாள் என்றான்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கிய நாளில், வெள்ளியங்கிரி சுகந்தியின் அறை வாசலில் வந்து நின்றார். வேட்டியில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பின்னால் மௌனிகா, இளைத்துப்போயிருந்தாள்.

சுகந்தி எழுந்து நின்றாள். அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அதை வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள்.

"உக்காருங்க," என்றாள்.

அவர் உட்காரவில்லை. "மேடம், நாங்க ஒண்ணும் கேஸு கீஸுன்னு வரலீங்க. ஒரு ஒதவி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பொட்டை எம்புள்ளைக்கு மறுபடியும் ஒட்டி உட்டுருங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"சாப்பாடு எறங்க மாட்டேங்குதுங்க. திடீர்னு எந்திரிச்சுக் கையக் கழுவுது. அடுப்புல பால் பொங்குனாக்கூட ஓடிப்போயி நிக்குது, கைகால் வெடவெடங்குது. படிச்சது போதும், வேலைக்கும் போக வேண்டாம், ஊட்டோட இருக்கட்டும். நல்லாச் சிரிச்சுட்டு இருந்தாப் போதுமுங்க. பொட்டு வெச்சிருந்தப்ப எப்படிச் சிரிக்கும், நீங்களே பாத்தீங்கல்ல?" அந்த மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அது ஒண்ணு மட்டும் இருந்தாக் குடுங்க. இல்லேன்னு சொல்லீராதீங்க."

சுகந்தியின் மேசை இழுப்பறையில் பட்டைகள் இருக்கத்தான் இருந்தன. திருப்பி அனுப்ப வேண்டியவை. அவள் கை இழுப்பறையின் பிடிவரைக்கும் போனது.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றாள் மௌனிகா.

அவர் தயக்கத்தோடு வெளியே போனார். மௌனிகா மேசைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"அந்தப் பொட்டை எனக்கு ஒட்டுனீங்கல்ல. அன்னைக்கு உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

சுகந்தி யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள். அன்று காலை அவள் புதுப் புடவை கட்டியிருந்தாள். எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

"இல்லை," என்றாள். "கொஞ்சங்கூட இல்லை."

மௌனிகா தலையசைத்தாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. கணக்குச் சரிபார்த்துக்கொள்கிறவளின் தலையசைப்பு.

"அப்பாவுக்காகத்தான் கூட வந்தேன். பொட்டு வேண்டாமுங்க. நான் முதல் வருசத்துல சேரோணும்."

"மூணாம் வருஷம்ல நீ? மார்க் எல்லாம் இருக்கே. நேரா வகுப்புக்கு வா. ஊசி பிடிக்க எஸ்தர் சிஸ்டர்கிட்ட தனியாப் பழகிக்கலாம்."

"படிச்சதெல்லாம் இருக்குதுங்க. ஆனா ஒண்ணைக்கூடப் பயந்து படிக்கலீங்க. எது எந்த எடத்துல ஆளைக் கொல்லும்னு எழுதத் தெரியுது, கைக்குத் தெரியலை. மொதல்ல இருந்து, தப்பாச் சொல்லி, திட்டு வாங்கி, அழுது படிச்சாத்தான் வருமாட்ட இருக்குது." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசினாள். "அப்பறம் உட்டுட்டுப் போனாலும் போயிருவேன் மேடம். இருப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது."

சேர்க்கைப் பிரிவில் கோகிலா கணினியோடு கொஞ்ச நேரம் போராடிவிட்டுச் சுகந்தியைக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்தப் பொண்ணுக்குப் புது நம்பர் வேணும்னா, பழைய நம்பரை 'இடைநின்றவர்'னு மூடினாத்தான் எடுக்குது. அப்படிப் போட்டா உங்க ஆராய்ச்சிக் கணக்குல இது போனவங்க லிஸ்ட்ல சேந்துரும். முதமுதல்ல பொட்டு வெச்ச பொண்ணாச்சே, பரவால்லீங்களா?"

வாழ்நாள் முழுக்க எந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினாளோ அந்தச் சொல் திரையில் மினுக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணைப் பற்றி உண்மையைச் சொல்லும் இடம் ஒன்றுகூட அந்தத் திரையில் இல்லை.

"போடுங்க," என்றாள் சுகந்தி.

வெளியே முதலாண்டுச் சேர்க்கை வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்டிருந்தது. வெள்ளியங்கிரி தூணோரமாக நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மௌனிகா தன்னைவிடச் சின்னப் பெண்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒருத்தி அழுதுகொண்டே வரிசையைவிட்டு விலகப் போனாள். மௌனிகா குனிந்து அவளிடம் எதுவோ சொன்னாள். சன்னலுக்கு இந்தப் பக்கம் அது கேட்கவில்லை.

அந்தப் பெண் அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் வரிசை நகர்ந்தபோது அவளும் நகர்ந்தாள்.